மைனஸ் 0.1: ஒரு வீட்டுப்பாடத்தில் அவிழ்ந்த ஆய்வு

ஏழு எண்கள் தருகிறேன், ஒரு துண்டுத்தாளில் கூட்டிப் பாருங்கள்: 2.4, 2.9, 1.0, 0.7, 2.4, மைனஸ் 2.0, மைனஸ் 7.9. கூட்டுத்தொகை மைனஸ் 0.5. ஏழால் வகுத்தால் மைனஸ் 0.07. ஒரு தசம இடத்துக்குச் சுருக்கினால் மைனஸ் 0.1.

அவ்வளவுதான் கணக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் இந்த மைனஸ் 0.1 என்கிற எண், 2010-லிருந்து 2013 வரை, ஓர் அரசாங்கம் எவ்வளவு கடன் வைத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது. நாட்டின் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (இனி ஜிடிபி என்றே எழுதுகிறேன்) 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சட்டென்று விழுந்துவிடும் என்ற முடிவின் அச்சாணி அதுதான். அந்த அச்சாணியைக் கழற்றிப் பார்த்தவர் ஒரு பிஎச்.டி. மாணவர், பார்த்தது ஒரு வகுப்பு வீட்டுப்பாடத்துக்காக.

நான் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். இந்த நிகழ்வைப் பல வருஷமாக வகுப்பில் சொல்லி வருகிறேன், சொல்லும்போதெல்லாம் கேட்பவர்களுக்கு "எக்செல்லில் தப்புப் பண்ணிட்டாங்களாம்" என்ற ஒரு வரி மட்டும் மனசில் நிற்கிறது. எனக்கு அது பெரிய வருத்தம். அந்த எக்செல் பிழை இந்தக் கதையின் சிறிய பகுதி. அதைவிடப் பெரியவை அந்த ஷீட்டுக்குள்ளேயே வேறு இருந்தன, அவற்றை எண்களோடு முழுசாகச் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டுரை வந்த நேரம்

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் பொருளாதாரத் துறையில் மிகுந்த மதிப்புள்ளவர்கள். ரோகாஃப் ஹார்வர்டு பேராசிரியர், 2001 முதல் 2003 வரை சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்தவர். எட்டு நூற்றாண்டுகளின் நிதி நெருக்கடிகளைத் தொகுத்து இருவரும் 2009-ல் வெளியிட்ட புத்தகம் பரவலாகப் படிக்கப்பட்டது. பல நாடுகளின் பழைய கடன் கணக்குகளைத் தேடித் தேடி ஒன்றுசேர்த்தது அவர்கள் செய்த பெரிய வேலை, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

2010 ஜனவரியில் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் "கடன் காலத்தில் வளர்ச்சி" என்ற பொருளில் ஒரு சிறு கட்டுரையை வைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அந்தச் சங்கத்தின் ஆய்விதழில், கூட்டத்தில் வாசித்த கட்டுரைகளைத் தொகுத்துப் போடும் இதழில், அச்சாகி வந்தது. ஆறு பக்கம். அந்த இதழுக்கு வழக்கமான கட்டுரைகளைப் போலக் கடுமையான மதிப்பாய்வு கிடையாது. இதைக் கட்டுரையை மேற்கோள் காட்டிய அரசியல்வாதிகளில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

கட்டுரையின் முக்கியப் பகுதி 1946 முதல் 2009 வரை 20 வளர்ந்த நாடுகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு நாட்டின் ஒவ்வொரு ஆண்டையும் கடன்–ஜிடிபி விகிதத்தை வைத்து நான்கு கூடைகளில் போட்டார்கள்: 30 சதவீதத்துக்குக் கீழே, 30 முதல் 60, 60 முதல் 90, 90-க்கு மேல். ஒவ்வொரு கூடையிலும் சராசரி வளர்ச்சி என்ன என்று பார்த்தார்கள். முதல் மூன்று கூடைகளில் 4.1, 2.8, 2.8 என்று வந்தது. நான்காவதில் மைனஸ் 0.1. படமாகப் போட்டால் மூன்று தூண்கள் நிற்கும், நான்காவது தூண் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். யார் பார்த்தாலும் "90-ஐத் தாண்டினால் ஆபத்து" என்றுதான் படிப்பார்கள்.

நேரமும் அப்படி அமைந்தது. 2008 நெருக்கடிக்குப் பிறகு எல்லா அரசுகளும் கடன் வாங்கிச் செலவு செய்திருந்தன. கிரீஸ் மூழ்கிக்கொண்டிருந்தது, அதற்கான முதல் மீட்புக் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டதும் அதே 2010 மே மாதம்தான். செலவை வெட்டவேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தவர்களுக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. பிரிட்டனில் ஜார்ஜ் ஆஸ்போர்ன், நிதியமைச்சர் ஆவதற்குச் சில மாதங்களுக்கு முன் 2010 பிப்ரவரியில் ஆற்றிய உரையில் இந்த ஆய்வாளர்களைக் குறிப்பிட்டார். அமெரிக்காவில் பால் ரயன் தலைமையிலான நாடாளுமன்ற பட்ஜெட் குழுவின் திட்ட ஆவணம் இதை ஆதாரமாகக் காட்டியது. ஐரோப்பிய ஆணையர் ஓல்லி ரேன் 2013 பிப்ரவரியில் நிதியமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்திலும் 90 சதவீதம் வந்தது.

இந்தக் கட்டுரை இல்லாவிட்டால் சிக்கன நடவடிக்கைகளே வந்திருக்காது என்று சிலர் எழுதியதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. அந்த அரசியல் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் "கடன் அதிகமானால் நல்லதல்ல" என்ற பொதுவான கருத்துக்கும் "90-ல் ஒரு கோடு இருக்கிறது, தாண்டாதே" என்ற கருத்துக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தது இந்த ஆறு பக்கம்தான். வேலையில்லாமல் நின்றவர்களும், ஓய்வூதியம் குறைந்த முதியவர்களும் இருந்த காலத்தில் அந்தக் கோடு பேசப்பட்டது என்பதை மறக்காமல் மேலே படியுங்கள்.

வீட்டுப்பாடம்

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு: வெளிவந்த ஒரு ஆய்வுக்கட்டுரையை எடுத்துக்கொள், அதே தரவை வைத்து அதே விடை வருகிறதா என்று செய்து பார். தாமஸ் ஹெர்ன்டன், அப்போது 28 வயது, ரைன்ஹார்ட்–ரோகாஃப் கட்டுரையை எடுத்தார். பொதுவெளியில் இருந்த தரவை வைத்து எத்தனை முறை போட்டாலும் கட்டுரையில் இருந்த விடை வரவில்லை. ஆசிரியர்களும் முதலில் மாணவர்தான் எங்கோ தவறு செய்கிறார் என்றுதான் நினைத்தார்கள். ஒரு பக்கம் ஹார்வர்டு பேராசிரியர், இன்னொரு பக்கம் பாடம் படிக்கும் மாணவர் என்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கடைசியில் ஹெர்ன்டன் கட்டுரையாளர்களுக்கே எழுதிக் கேட்டார். 2013-ல் ரைன்ஹார்ட் அவர்கள் பயன்படுத்திய எக்செல் ஷீட்டை அனுப்பிவைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். அவர் அனுப்பியிருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தரவு கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வராத அனுபவம் ஆய்வு செய்யும் பலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஒரு கட்டுரையின் அட்டவணையைச் சரிபார்க்க வேண்டி நான் ஓர் ஆய்வாளருக்கு மூன்று முறை எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை. ரைன்ஹார்ட் முன்பின் தெரியாத ஒரு மாணவருக்கு மூல ஷீட்டைக் கொடுத்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு நேர்மையான காரியம். அவரைத் திட்டி எழுதியவர்கள் யாரும் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

2013 ஏப்ரல் 15-ல் ஹெர்ன்டன், பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் மூவரும் தங்கள் மறுஆய்வை வெளியிட்டார்கள். 90-க்கு மேற்பட்ட கூடையின் சராசரி மைனஸ் 0.1 இல்லை, 2.2 என்றது அது. ஓரிரு நாளில் உலகம் முழுக்கச் செய்தியானது. அந்த மாணவர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்து உட்காரும் அளவுக்கு.

ஷீட்டுக்குள் என்ன இருந்தது

சரி, இப்போது முதலில் கூட்டிய ஏழு எண்களுக்குத் திரும்புவோம். அவை ஏழு நாடுகள். பிரிட்டன் 2.4, கிரீஸ் 2.9, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7, அயர்லாந்து 2.4, அமெரிக்கா மைனஸ் 2.0, நியூசிலாந்து மைனஸ் 7.9. கடன் 90-ஐத் தாண்டியிருந்த ஆண்டுகளில் ஒவ்வொரு நாட்டின் சராசரி வளர்ச்சியும் இது.

எல்லோருக்கும் தெரிந்த பிழையை முதலில் முடித்துவிடுகிறேன். ஷீட்டில் நாடுகள் அகர வரிசைக்குத் தலைகீழாக, 30-வது வரிசையில் அமெரிக்காவில் தொடங்கி 49-வது வரிசையில் ஆஸ்திரேலியா வரை இருந்தன. சராசரி எடுக்கும் ஃபார்முலா எல்30-ல் தொடங்கி எல்49-ல் முடிந்திருக்கவேண்டும், எல்44-ல் முடிந்துவிட்டது. மவுஸை இழுத்துவந்த கை ஐந்து வரிசைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பின்லாந்து வரை உள்ளே. டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா வெளியே.

இந்த ஐந்தில் நான்காவது கூடையைப் பாதித்தது ஒன்றே ஒன்றுதான். டென்மார்க்கும் ஆஸ்திரியாவும் அந்தக் காலத்தில் 90-ஐத் தாண்டவில்லை. கனடா, ஆஸ்திரேலியாவின் அந்த ஆண்டுகள் வேறு காரணத்தால் ஏற்கெனவே ஷீட்டில் இல்லை (அதற்கு வருகிறேன்). மீதி பெல்ஜியம். 25 ஆண்டுகள் 90-க்கு மேல் இருந்த நாடு, சராசரி வளர்ச்சி 2.6. அதைச் சேர்த்து எட்டால் வகுத்தால் 0.26 வரும். ஆக, உலகம் முழுக்கப் பேசப்பட்ட எக்செல் பிழையின் விளைவு 0.3 சதவீதப் புள்ளி. பிழை பிழைதான், ஆனால் இதை மட்டும் திருத்தியிருந்தால் கட்டுரையின் கதை மாறியிருக்காது. மூன்று தூண், ஒரு சிறு மேடு என்று படம் இருந்திருக்கும், 90-க் கோடும் அப்படியே நின்றிருக்கும்.

கோட்டை உடைப்பது நியூசிலாந்து.

நியூசிலாந்து 90-ஐத் தாண்டியிருந்தது ஐந்து ஆண்டுகள்: 1946, 47, 48, 49, 51. வளர்ச்சி முறையே 7.7, 11.9, மைனஸ் 9.9, 10.8, மைனஸ் 7.6. போர் முடிந்த காலம், ஏறி இறங்கித்தான் இருக்கிறது. ஐந்தின் சராசரி 2.6. ஆனால் 2010 கட்டுரையின் கணக்கில் 1946 முதல் 1949 வரையிலான நான்கு ஆண்டுகள் இல்லை. மிஞ்சியது 1951 மட்டும். அந்த ஆண்டு நியூசிலாந்தில் துறைமுகத் தொழிலாளர் போராட்டம் 151 நாட்கள் நடந்தது, கப்பலில் சரக்கு ஏற்ற ராணுவத்தைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட ஒரே ஒரு வருஷம், "அதிகக் கடன் உள்ள நியூசிலாந்து எப்படி வளர்கிறது" என்ற கேள்விக்கு முழு விடையாக நின்றுவிட்டது. போதாததற்கு மைனஸ் 7.6 என்பது ஷீட்டில் மைனஸ் 7.9 ஆகப் பதிவாகியிருந்தது.

கையால் போட்டுப் பாருங்கள். 7.9-ஐ 7.6 என்று திருத்தினாலே கூட்டுத்தொகை மைனஸ் 0.2 ஆகிறது, ஏழால் வகுத்தால் மைனஸ் 0.03, சுருக்கினால் பூஜ்யம். அந்த மைனஸ் குறியே ஓர் இலக்கப் பிழையில் தொங்கிக்கொண்டிருந்தது! விட்டுப்போன நான்கு ஆண்டுகளைச் சேர்த்து 2.6 என்று போட்டால் கூட்டுத்தொகை 10.0, சராசரி 1.4. ஒரே நாட்டின் நான்கே ஆண்டுகள் ஒன்றரைப் புள்ளியை நகர்த்துகின்றன. எக்செல் பிழையைப் போல ஐந்து மடங்கு.

ஆஸ்திரேலியா, கனடா இரண்டுக்கும் 1946 முதல் 1950 வரை இதே கதை. அவற்றின் சராசரி 3.8, 3.0. நல்ல வளர்ச்சி கண்ட, கடன் அதிகமிருந்த ஆண்டுகள், கணக்கில் இல்லை. மூன்று நாடுகளையும் பெல்ஜியத்தையும் உள்ளே கொண்டுவந்தால் பத்து நாடுகள், கூட்டுத்தொகை 19.4, சராசரி 1.9. வேறு எதையும் மாற்றாமல், கட்டுரையாளர்களின் சொந்த முறையிலேயே, மைனஸ் 0.1 போய் 1.9 வந்துவிடுகிறது.

ஏன் விட்டார்கள்? அந்த ஆண்டுகளின் தரவு அப்போதுதான் சேர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது, தரத்தை இன்னும் சரிபார்த்து முடிக்கவில்லை, வேண்டுமென்று எதையும் விடவில்லை என்று ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் சொன்னார்கள். நான் அதை நம்புகிறேன். பழைய ஆவணங்களிலிருந்து தரவு சேர்க்கும் வேலையில் "இது இன்னும் பார்க்கவில்லை" என்று ஒரு மூலை எப்போதும் இருக்கும். ஆனால் அந்த மூலை இருக்கிறது என்று கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கவேண்டும். 110 நாட்டாண்டுகள் (ஒரு நாட்டின் ஓர் ஆண்டு என்பது ஒரு நாட்டாண்டு) இருக்கவேண்டிய கூடையில் 14 இந்தக் காரணத்தாலும் 25 ஃபார்முலாவாலும் போய், 71-ஐ வைத்துத்தான் அந்த எண் வந்தது என்று படிப்பவருக்குத் தெரிய எந்த வழியும் இருக்கவில்லை.

எடை: இது பிழையா, தேர்வா?

மூன்றாவது விஷயம் கொஞ்சம் சிக்கலானது, வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பிரிட்டன் 1946 முதல் 1964 வரை 19 ஆண்டுகள் 90-க்கு மேல் கடனோடு இருந்தது. போர்க்கடன் தலைக்குமேல் இருந்த அந்தக் காலத்தில்தான் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் சுகாதாரச் சேவையை 1948-ல் தொடங்கினார்கள், சராசரியாக ஆண்டுக்கு 2.4 சதவீதம் வளரவும் செய்தார்கள். கிரீஸும் 19 ஆண்டுகள். நியூசிலாந்து, கட்டுரையின் கணக்குப்படி, 1 ஆண்டு. மூன்றுக்கும் ஏழில் ஒரு பங்கு எடை. பிரிட்டனின் 19 வருஷமும் நியூசிலாந்தின் ஒரு வருஷமும் தராசில் சமம்.

ஹெர்ன்டன் குழு ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரே எடை கொடுத்தது. அப்படிப் போட்டால் 110 நாட்டாண்டுகளின் சராசரி 2.2. கட்டுரையாளர்களின் அதே 71 ஆண்டுகளை மட்டும் வைத்து எடையை மட்டும் மாற்றினாலும், மேலே தந்த எண்களைக் கொண்டு நான் போட்டதில், ஏறத்தாழ 1.7 வருகிறது.

இதைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் சொன்ன மறுப்பில் நியாயம் இருக்கிறது: ஆண்டுக்கு ஆண்டு எடை கொடுத்தால், நீண்ட காலம் கடனில் இருந்த ஓரிரு நாடுகளே முடிவைத் தீர்மானித்துவிடும். பிரிட்டனின் 19 ஆண்டுகள் என்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 19 சோதனைகள் இல்லை. 1955 நன்றாக இருந்தால் 1956-ம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதனால் நாட்டுக்கு ஓர் எடை என்பதும் புள்ளியியலில் ஒப்புக்கொள்ளக்கூடிய வழிதான். என்னைக் கேட்டால் இரண்டு முறையிலும் போட்டு இரண்டு விடையையும் கட்டுரையில் வைத்திருப்பேன். ஆனால் நாட்டுக்கு ஓர் எடை என்று எடுப்பவர், ஒரே ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு ஒரு நாடு ஏழில் ஒரு பங்கைப் பிடிக்கும்போது அந்த வரிசையைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். மைனஸ் 7.9 என்பது கண்ணை உறுத்தும் எண். அருகிலுள்ள எண்களில் அமெரிக்காவைத் தவிர எதுவும் மைனஸே இல்லை, அமெரிக்காவுக்கும் அது 1946 முதல் 49 வரையிலான நான்கு வருஷம், போர் உற்பத்தி நின்று ராணுவம் கலைந்த காலம். கடனால் வந்த சரிவென்று அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

எது முன்னே, எது பின்னே

எல்லாத் திருத்தமும் செய்தபின் நான்கு கூடைகளின் சராசரி 4.2, 3.1, 3.2, 2.2 என்று நிற்கிறது. கடைசிக் கூடை இன்னும் ஒரு புள்ளி குறைவு. இதை ஹெர்ன்டன் குழு மறைக்கவில்லை. ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் இதையே பிடித்துக்கொண்டார்கள்: பிழையை உடனே ஒப்புக்கொண்டார்கள், திருத்தம் வெளியிட்டார்கள், ஆனால் அதிகக் கடனும் குறைந்த வளர்ச்சியும் சேர்ந்து வருகின்றன என்ற அடிப்படை முடிவு நிற்கிறது என்றார்கள். கார்மெனின் கணவரும் பொருளாதார வல்லுநருமான வின்சென்ட் ரைன்ஹார்ட்டோடு சேர்ந்து 2012-ல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், 1800-லிருந்து 26 நீண்ட கடன் காலகட்டங்களை எடுத்து, அவற்றில் வளர்ச்சி 1.2 புள்ளி குறைவு என்று கண்டிருந்தார்கள். அதில் மைனஸ் எதுவும் இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அவர்களுடைய பிந்தைய வேலையே அந்தப் பள்ளத்தைக் காணவில்லை.

சேர்ந்து வருகின்றன என்பது சரி. எது எதைக் கொண்டுவருகிறது? விகிதம் என்றால் மேலே கடன், கீழே ஜிடிபி. கடன் அப்படியே இருந்து ஜிடிபி சுணங்கினாலும் விகிதம் ஏறும். வரி வருவாய் குறையும், அதனால் கடனும் கூடும். ஜப்பானைப் பாருங்கள்: சொத்துக் குமிழி உடைந்து வளர்ச்சி சுருண்டது 1990-களின் தொடக்கத்தில். அந்தத் தரவில் அது 90-ஐத் தாண்டியது 1999-ல். சுணக்கம் முன்னே, கடன் பின்னே. அதே ஆம்ஹர்ஸ்டில் இருந்த பொருளாதார வல்லுநர் அரிந்திரஜித் துபே, ஷீட் வெளியான சில நாட்களுக்குள் இதைச் சோதித்தார். இன்றைய கடன் விகிதம் வரப்போகும் ஆண்டுகளின் வளர்ச்சியைவிடக் கடந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடுதான் அதிகம் ஒட்டிப்போகிறது என்று காட்டினார். அப்புறம் 2014-ல் நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் மூவர், நடுத்தர கால வளர்ச்சி எங்கே திடீரென்று விழுகிறது என்று தேடியும் அப்படி ஒரு மந்திர எல்லை கிடைக்கவில்லை என்று எழுதினார்கள்.

எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஃபார்முலா சரியாக இருந்திருந்தாலும், நியூசிலாந்து முழுசாக இருந்திருந்தாலும், கூடைகளில் போட்டுச் சராசரி எடுக்கும் முறையால் "கடனைக் குறைத்தால் வளர்ச்சி கூடும்" என்று சொல்ல முடியாது. கட்டுரை காட்டியது இரண்டும் சேர்ந்து வருவதை. மேடையில் பேசியவர்கள் அதைக் காரணமாக மாற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு

ஹெர்ன்டன் குழுவின் கட்டுரை 2014-ல் கேம்பிரிட்ஜின் பொருளாதார ஆய்விதழில் முறையாக வெளிவந்தது. ரைன்ஹார்ட்டுக்கும் ரோகாஃபுக்கும் வெறுப்புக் கடிதங்கள் குவிந்தன. ஒரு கணக்குப் பிழைக்கு மனிதர்களை அப்படி நடத்தியது அருவருப்பான காரியம், அவர்களுடைய முடிவை ஏற்காத நான் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ரைன்ஹார்ட் 2020-ல் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார வல்லுநரானார். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் தன் ஆய்விதழ்களுக்கென்று தனியாக ஒரு தரவு ஆசிரியரை நியமித்து, 2019-லிருந்து, கட்டுரையை ஏற்பதற்கு முன்பே தரவையும் கணினி நிரலையும் வாங்கி ஓட்டிப் பார்க்கும் நடைமுறையைக் கொண்டுவந்தது. இந்த ஒரு நிகழ்வால்தான் அது வந்தது என்று சொல்லமாட்டேன். அதற்கான பேச்சு பல துறைகளில் பல காரணங்களால் நடந்துகொண்டிருந்தது.

2010 மே-க்கும் 2013 ஏப்ரலுக்கும் நடுவே மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் பல பொருளாதார வல்லுநர்கள் 90 சதவீத முடிவைச் சந்தேகப்பட்டார்கள், காரணம் தலைகீழாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆனால் நியூசிலாந்தில் நான்கு வருஷம் இல்லை என்றோ, பெல்ஜியம் இல்லை என்றோ அவர்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. 1946–2009 கணக்குக்கு அச்சான கட்டுரையில் இருந்தவை இறுதிச் சராசரிகள். அந்த ஏழு எண்கள் அதில் இல்லை. ஆறு பக்கத்தோடு கூட ஒரே ஒரு அட்டவணை, ஏழு வரிசை, நாடு, எத்தனை ஆண்டு, சராசரி என்று மூன்று பத்தி இருந்திருந்தால், நியூசிலாந்து, 1, மைனஸ் 7.9 என்ற வரியை முதல் வாரத்திலேயே யாராவது சுட்டிக் காட்டியிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்கு எனக்கு ஓர் ஆதாரமும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடத்தை எடுக்கும்போது கதையைச் சொல்லாமல், நாட்டுப் பெயர்கள், ஆண்டு எண்ணிக்கை, சராசரி மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு, "இதில் ஒன்றை மட்டும் மூலத்தில் போய்ச் சரிபார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது, எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்பேன். எக்செல்லை இப்போதுதான் கற்கும் பிள்ளைகள், கடன்–ஜிடிபி விகிதம் என்றால் என்னவென்றுகூட அன்றுதான் கேள்விப்படுகிறவர்கள். அநேகமாக எல்லாக் கைகளும் நியூசிலாந்தைத்தான் காட்டும்.